எலும்பு விழுங்கியும் ஏழைச் சிறாரும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டது சமணம். சமணர் இல்லத்துக் குழந்தை எறும்பை மிதியாமல் நடக்கப் பெற்றோரைப் பார்த்தே பழகிக்கொள்கிறது. அத்தகைய சூழல் வாய்க்காத, அன்றாடக் கூலியில் உலை வைக்கும் இல்லத்துக் குழந்தையிடம் "அழிந்துவரும் உயிர்களைக் காப்பாற்று" என்று சொன்னால், அச்சொல் அதன் நெஞ்சில் தங்குமா? அறம் உரைப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது. அசாம் மாநிலத்தின் காமரூப் மாவட்டத்துச் சிற்றூர்கள் சில இதற்கு விடை கண்டுள்ளன.

அங்கு ஹர்கிலா என்றொரு பெருநாரை வாழ்கிறது. எலும்பு விழுங்கி என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ ஐந்தடி உயரம், மயிரற்ற தலை, தொங்கும் கழுத்துப் பை என அதன் தோற்றமே காண்போரை முகம் சுளிக்க வைக்கும். செத்த விலங்கின் ஊனையும் குப்பைமேட்டுக் கழிவையும் தின்று ஊரைத் தூய்மை செய்வது அதன் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா மாளிகைகளின் மேல் இப்பறவை கூட்டமாக அமர்ந்திருக்கும். அந்நகராட்சியின் சின்னத்திலும் அது இடம்பெற்றிருந்தது. பின்னர் அருகி, அசாம், பீகார், கம்போடியா ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே கூடுகட்டி வாழும் நிலையை எய்தியது.

ஹர்கிலா கூடு கட்டுவது காட்டில் அன்று. ஊருக்குள், வீட்டுத் தோட்டத்துக் கடம்பு போன்ற உயர்ந்த மரங்களில். குஞ்சுகளுக்குக் கொணரும் அழுகிய ஊன் முற்றத்தில் சிந்தும். எச்சம் கிணற்றடியில் விழும். நாற்றம் வீட்டினுள் நுழையும். தீய நிமித்தம் என்ற அச்சமும் இதனோடு சேர, மக்கள் மரத்தையே வெட்டி வீழ்த்தினர். அவர்களைக் கொடியவர் எனல் பொருந்தாது. இருப்பது ஒரு முற்றம். அதுவும் நாறினால் ஏழை எங்கே போவான்?

2007ஆம் ஆண்டு தாதரா என்னும் ஊரில் அவ்வாறு ஒரு மரம் வீழ்த்தப்பட்டது. கூட்டிலிருந்த குஞ்சுகள் மண்ணில் கிடந்தன. இப்பறவையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த பூர்ணிமா தேவி பர்மன் அதனைக் கண்டு மரத்துக்குரியவரிடம் வாதிட்டார். ஊரார் சூழ்ந்து எள்ளி நகையாடினர். தம் வீட்டில் இருந்த இரட்டைப் பெண்மகவுகள் அவர் நினைவுக்கு வந்தனர். ஆய்வேட்டை ஒத்திவைத்து, அவர் அவ்வூர் மக்களோடு பழகத் தொடங்கினார்.

சட்டத்தைக் காட்டி அவர் அச்சுறுத்தவில்லை. மரத்துக்குரியவர்களை அவையில் அழைத்துப் பாராட்டினார். கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் மங்கலச் சடங்கை, முட்டையிடும் பருவத்தில் ஹர்கிலாவுக்கும் பெண்கள் செய்தனர். பறவையின் உருவை நெய்த ஆடைகள் விற்பனைக்கு வந்தன. தறி பெற்ற மகளிர்க்கு வருவாயும் வந்தது. கூட்டின் கீழே வலை கட்டி, தவறி விழும் குஞ்சுகளைத் தாங்கினர். பள்ளிச் சிறுவர் ஹர்கிலாவை வரைந்தனர். அதன் முகமூடி அணிந்து ஆடினர். நேற்றுவரை கல்லெறிதற்குரியதாயிருந்த பறவை, "எங்கள் ஊர்ப் பறவை" ஆயிற்று.

பயன் கண்கூடு. தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய ஊர்களில் 28ஆக இருந்த கூடுகள் 250க்கும் மேலாகப் பெருகின. "ஹர்கிலா படை" என்ற பெயரில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் திரண்டனர். 2022இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் "புவியின் வாகையர்" விருது பர்மனுக்கு வழங்கப்பெற்றது. அழியும் நிலையிலுள்ளவை என்ற பட்டியலிலிருந்து 2023இல் இப்பறவை மீண்டது.

இந்நிகழ்வில் சமணர்க்குப் பழகிய அறம் ஒன்று ஒளிர்கிறது. நற்காட்சிக்குரிய எட்டு உறுப்புகளை அருங்கலச்செப்பு கூறும். அவற்றுள் ஒன்று உவர்ப்பின்மை, அதாவது அருவருப்புக் கொள்ளாமை. நோயுற்ற துறவியின் வாந்தியையும் முகம் சுளியாது துடைத்த உத்தாயண மன்னன் கதை இதற்கு எடுத்துக்காட்டு. மயிலையும் மானையும் விரும்புதல் எளிது. நாறும் பறவையிடத்தும் அருள் சுரப்பதே உவர்ப்பின்மையின் உரைகல்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. அவ்வூர் மக்கள் மீன் உண்பவர்கள். அவர்கள் உணவைப் பழித்து அந்தப் பணி தொடங்கியிருந்தால், ஒரு கதவும் திறந்திராது. தன் தாய் ஆக்கிய சோற்றை இகழ்பவரிடம் எந்தக் குழந்தையும் பாடம் கேளாது. கொல்லாமையை உயிரினும் மேலாய்ப் போற்றும் இல்லங்களுக்கு இது சற்றே கடினமான உண்மை. ஆயினும் ஓருயிர் மீது பிறக்கும் அன்பு மெல்லப் பிறவுயிர்கள் மீதும் படரும் என்று நம்புவதே அறத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை.

விழா நாளில் அன்னதானம் பெற வரும் அண்டைத் தெருக் குழந்தைகளைச் சோறிட்டு அனுப்புவதோடு நிறுத்தாமல், சினாலயத்துக்குள் அழைத்து அமர்த்தலாம். தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களைக் காட்டலாம். அசித நாதர்க்கு யானை, சிரேயாம்ச நாதர்க்குக் காண்டாமிருகம், முனிசுவிரதர்க்கு ஆமை, மகாவீரர்க்குச் சிங்கம். இவற்றுள் எவையெவை இன்று அருகி வருகின்றன என்று அக்குழந்தைகளையே கேட்கலாம். பின்னர் அவரவர் தெருவில் வெறுக்கப்படும் ஆந்தை, வௌவால், சாரைப்பாம்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, ஓராண்டு கவனித்து வரையவும் எழுதவும் செய்யலாம். அதற்கு வேண்டிய ஏடும் வண்ணமும் அவர்களுக்கு அளிப்பது, விழாச் செலவில் மிகச் சிறிய பங்கே ஆகும்.

கொடுக்கும் இடத்தில் எப்போதும் பிறரே இருக்க, வாங்கும் இடத்திலேயே நின்று பழகியது ஏழைக் குழந்தையின் கை. ஒரு குஞ்சைத் தாங்கும்போது, அக்கை முதன்முறையாக அபயம் கொடுக்கும் கையாகிறது. தானங்களுள் உயர்ந்த அபயதானத்தைச் செய்யச் செல்வம் வேண்டுவதில்லை என்பதை அக்குழந்தை உணரும் நாளே, மகாவீரர் பிறந்தநாளின் நிறைவு.

வாழ்க கொல்லாமை! ஓங்குக அருகநெறி!