பத்து முடிச்சாச்சு, என்ன குரூப் எடுக்கிறது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், அரசு மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பேசியது. பேசியபடியே தந்திருக்கிறோம்.)

சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிச்சு, வீட்டுக்குப் போகிற நேரத்துல என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. அதனால சுருக்கமா சொல்லிடுறேன். மாடு கட்டியிருக்கிறவங்க கவலைப்பட வேண்டாம், பால் கறக்கிற நேரத்துக்கு விட்டுடுவேன்.

உங்கள்ல எத்தனை பேர் வீட்டுல பத்தாவது படிக்கிற பிள்ளைங்க இருக்கு? கை தூக்குங்க. ம்... பாதிக்குப் பாதி. ரிசல்ட் வந்தவுடனே பிளஸ் ஒன் சேர்க்கை ஆரம்பிச்சுடும். அன்னைக்கு நடக்கிறதை நான் பல வருஷமா பார்த்திருக்கேன். அம்மாவும் பிள்ளையும் வந்து நிப்பாங்க. "என்ன குரூப் வேணும்?"னு கேட்டா, பிள்ளை அம்மாவைப் பார்க்கும், அம்மா எங்களைப் பார்ப்பாங்க. "நீங்களே பார்த்து ஏதாவது போடுங்க டீச்சர்." நாங்களும் போட்டுடுவோம். மார்க் அதிகமா இருந்தா முதல் குரூப், குறைவா இருந்தா வரலாறு. ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல அந்தப் பிள்ளைக்குச் சில கதவு திறக்குது, சில கதவு மூடுது. எது மூடுதுங்கிறது அம்மாவுக்குத் தெரியாமலே மூடிடுது.

ஆடு வாங்கக் கடன் கேட்டா, குழுவுல எத்தனை கேள்வி கேக்குறோம்! என்ன ஆடு, எங்க மேய்ப்பே, தீவனத்துக்கு என்ன வழின்னு கேட்டுத்தானே தீர்மானம் போடுறோம்? பிள்ளை படிப்புக்கும் அப்படிக் கேக்கணும்.

முதல்ல குரூப்னா என்னன்னு சொல்லிடுறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூவுல தமிழும் இங்கிலீஷும் எல்லாருக்கும் உண்டு. மீதி நாலு பாடம்தான் குரூப்புக்குக் குரூப் மாறும். பாடத்துக்கு நூறு, மொத்தம் 600 மார்க். (2017-18க்கு முந்தி 1200 இருந்தது. உங்க அண்ணன் தம்பி வாங்கின ஆயிரத்தைச் சொல்லி இப்போதைய பிள்ளைங்களைத் திட்டாதீங்க.)

முதல் குரூப்புங்கிறது கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். உயிரியலுக்குப் பதிலா கம்ப்யூட்டர் சயின்ஸ் வச்சா அது இன்னொரு குரூப். கணக்கே இல்லாம இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்னு ஒண்ணு இருக்கு. வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் சேர்ந்தது காமர்ஸ். அதோட வரலாறோ, வணிகக் கணிதமோ, கம்ப்யூட்டர் பயன்பாடோ சேரும். அப்புறம் தொழிற்பிரிவு. நர்சிங், வேளாண்மை, மெக்கானிக், தையலும் உடை வடிவமைப்பும், அலுவலக மேலாண்மைன்னு பள்ளிக்குப் பள்ளி மாறும். எல்லாக் குரூப்பும் எல்லாப் பள்ளியிலும் இருக்காது. அதைத்தான் முதல்ல விசாரிக்கணும்.

இப்ப மூடுற கதவைப் பத்திச் சொல்றேன். இஞ்சினியரிங் கலந்தாய்வுக்குப் போகணும்னா கணக்கு, இயற்பியல், வேதியியல் மூணும் வேணும். அதுல கட்-ஆஃப்னு ஒண்ணு சொல்வாங்களே, அது பெரிய மந்திரம் இல்லை. கணக்கு மார்க்கை அப்படியே எடுத்துக்கணும். இயற்பியல்ல பாதி, வேதியியல்ல பாதி. கணக்குல 80, இயற்பியல்ல 70, வேதியியல்ல 60 வாங்கினா, 80 கூட்டல் 35 கூட்டல் 30. இருநூறுக்கு 145. வட்டிக் கணக்கு போடுறவங்களுக்கு இது ஒரு கணக்கா?

டாக்டருக்குப் படிக்க நீட் எழுதணும், அதுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேணும். பி.எஸ்சி. நர்சிங்குக்கும் அதே பாடம்தான். போன வருஷம் ஒரு பொண்ணு என்னைப் பார்க்க வந்தா. கம்ப்யூட்டர் குரூப்புல நல்ல மார்க். "நர்சிங் சேரணும் மிஸ்"ங்கிறா. எப்படிச் சேர முடியும்? உயிரியலே படிக்கலையே. சேர்க்கும்போது "கம்ப்யூட்டர்னா நல்ல வேலை கிடைக்கும்"னு யாரோ சொன்னாங்களாம், அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். அந்தப் பொண்ணோட கண்ணுல தண்ணி நின்னதை என்னால மறக்க முடியல. அம்மா மேல என்ன தப்பு? சொல்ல வேண்டியவங்க சொல்லல.

அப்ப எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும்னு எல்லாரையும் முதல் குரூப்புல போட்டுடலாமான்னு கேப்பீங்க. அங்கதான் நிறையப் பேர் வழுக்கி விழுறாங்க. பத்தாவது கணக்குல 45 வாங்கின பிள்ளைன்னு வைங்க. அந்தப் பரீட்சையில ஜியோமெட்ரிக்கு 8, கிராஃபுக்கு 8 உண்டு. திரும்பத் திரும்பப் போட்டுப் பழகினா அந்தப் பதினாறு கைக்கு வந்துடும். மீதி இருபத்தொன்பதுதான் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு எவ்வளவு புரிஞ்சிருக்குன்னு காட்டுது. பிளஸ் ஒன் கணக்குல அப்படிக் கை கொடுக்கிற கேள்வி கிடையாது. அறிவியலும் அப்படித்தான். பத்தாவதுல எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. பெரும்பாலும் செய்முறையில எல்லாப் பிள்ளையும் நல்லாவே வாங்கிடும். அதனால மொத்த மார்க்கைப் பார்த்து ஏமாறாதீங்க, எதுல எவ்வளவுன்னு பாடம் நடத்துன ஆசிரியர்கிட்ட தனியா கேளுங்க. "இந்தப் பிள்ளை கணக்கைத் தாங்குமா?"ன்னு நேரா கேளுங்க. உண்மையைச் சொல்வாங்க.

காமர்ஸையும் வரலாறையும் மக்குப் பிள்ளைங்க குரூப்னு சொல்றது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. குரூப்-2 தேர்வுக்கோ, பேங்க் பரீட்சைக்கோ, ஐ.ஏ.எஸ். தேர்வுக்கோ ஒரு டிகிரி கேக்குறாங்க, பிளஸ் டூவுல என்ன குரூப்னு கேக்குறதில்லை. குரூப்-4க்குப் பத்தாவதே போதும். குரூப் தேர்வுலயும் ஐ.ஏ.எஸ். தேர்வுலயும் வரலாறும் பொருளியலும் அரசியலமைப்பும் கேக்குறாங்க இல்லையா? ஆடிட்டர் படிப்புக்குக் காமர்ஸ் பிள்ளைக்கு ஒரு படி முன்னாலயே நிக்கலாம். அஞ்சு வருஷ வக்கீல் படிப்புக்கு எந்தக் குரூப்பும் சரிதான். நம்ம கூட்டமைப்புக்கே ஒழுங்கா கணக்கு எழுத ஆள் தேடுறோமா இல்லையா?

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். பத்தாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிக்க வச்சுட்டு, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் குழுவுல கடன் வாங்கித் தனியார் பள்ளியில சேர்க்கிற பழக்கம் வந்திருக்கு. ஆசையைத் தப்புன்னு சொல்லல. ஆனா எதை விட்டுட்டுப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடுன்னு 2020ல சட்டம் வந்தது. 2021ல இஞ்சினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு அதை விரிச்சாங்க. பொம்பளைப் பிள்ளைக்கு 2022ல வந்த புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் முடிக்கிற வரைக்கும் மாசம் ஆயிரம் ரூபாய். பின்னாடி அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பிள்ளைகளையும் அதுல சேர்த்தாங்க. ஆம்பளைப் பிள்ளைக்கு 2024ல தமிழ்ப் புதல்வன் வந்தது. பதினொண்ணாவதுல தனியார் பள்ளிக்கு மாறினா அந்த 7.5ம் போச்சு, மாச ஆயிரமும் போச்சு. ரெண்டு வருஷ ஃபீஸுக்கு வாங்கின கடனும் வட்டியும் தலைமேல நிக்கும். நான் கணக்கு டீச்சர், எனக்கு இது நஷ்டக் கணக்காத்தான் தெரியுது.

அதுலயும் ஒண்ணு கவனிச்சிருக்கேன். கடன் வாங்கிச் சேர்க்கிறது பெரும்பாலும் பையனைத்தான். பொண்ணுக்கு "உள்ளூர் பள்ளியில என்ன இருக்கோ அது". உள்ளூர்ல அறிவியல் குரூப் இல்லைன்னா, அந்தப் பொண்ணுக்கு அறிவியலே இல்லை! பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அந்தக் குரூப் இருக்கும், ஆனா அனுப்ப மாட்டாங்க. பஸ் செலவுன்னு சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கே டிக்கெட் கிடையாது. அப்ப பயம்தான் காரணம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லல, நானும் பொண்ணைப் பெத்தவதான். ஆனா ஒரு ஊராட்சியில பத்துப் பன்னிரண்டு குழு இருக்கு. எந்தெந்த வீட்டுப் பொண்ணு அந்த வருஷம் பிளஸ் ஒன் போகுதுன்னு ஊக்குநர் நோட்டுல எழுதி வச்சா, நாலு பொண்ணை ஒரே பஸ்ல, ஒரே பள்ளிக்கு அனுப்பலாமே. சாயங்காலம் ஸ்டாப்புல யாராவது ஒரு அம்மா நின்னா போதும், முறை வச்சுக்கலாம்.

பிளஸ் ஒன்தான் ஒரே வழின்னும் இல்லை. பத்து முடிச்சு நேரா மூணு வருஷம் பாலிடெக்னிக் படிக்கலாம், ஐ.டி.ஐ. போகலாம். பாலிடெக்னிக் முடிச்ச பிள்ளை பி.இ. ரெண்டாம் வருஷத்துல நேரா சேர முடியும். இது நிறையப் பேருக்குத் தெரியல. கை வேலையில ஆர்வம் இருக்கிற பிள்ளையைக் கட்டாயப்படுத்திப் புத்தகத்துக்கு முன்னால உக்கார வைக்காதீங்க. பத்தாவதுல ஒரு பாடம் போயிடுச்சுன்னாலும் துணைத் தேர்வு அந்த வருஷமே உண்டு. வீட்டுல முடக்கிடாதீங்க, முக்கியமா பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுடாதீங்க.

சரி, கேள்வி கேக்கலாம். சொல்லுங்கம்மா, எந்திரிக்க வேண்டாம், உக்காந்தே கேளுங்க.

(ஓர் உறுப்பினர்: "மக கணக்குல 38தான் டீச்சர். நர்ஸ் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவங்க அப்பா வரலாறு போதும்ங்கிறார்.")

அறிவியல்ல எவ்வளவு? 71ஆ? பரவாயில்லையே. அப்ப கணக்கு இல்லாத அறிவியல் குரூப்பைக் கேளுங்க, தாவரவியலும் விலங்கியலும் இருக்கிறது. இயற்பியல்ல கொஞ்சம் கணக்கு வரும், அதையும் அவகிட்ட இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் பயப்படக் கூடாது. தொழிற்பிரிவு நர்சிங்னு ஒண்ணு காட்டுவாங்க. அது வேற. அதை முடிச்ச உடனே நர்ஸ் ஆயிட முடியாது, மேல எங்க படிக்க முடியும்னு கேட்டுக்கிட்டுத்தான் சம்மதிக்கணும். உங்க பள்ளியில அந்த அறிவியல் குரூப் இல்லைன்னா பக்கத்துப் பள்ளியில விசாரிச்சு, மார்க் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எடுத்துக்கிட்டு முதல் நாளே போயிடுங்க, இடம் சீக்கிரம் நிரம்பிடும். அவங்க அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அந்த ஹெட்மாஸ்டர் முன்னால பொண்ணு தன் வாயாலயே சொல்லட்டும், என்ன படிக்கப் போறேன்னு.