வயதானால் தடுப்பூசி பலிக்காதா?

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். இன்று இந்த விஷயத்தைப் பேச வந்ததற்கு என் அக்காதான் காரணம்.

2023-ல் அக்காவுக்கு வயது 78. அக்கிக்குப் புதிதாக வந்திருக்கும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளும்படி அவளுடைய டாக்டர் சொன்னார். தம்பி சயன்ஸ் படித்தவனாயிற்றே என்று என்னை ஃபோனில் கேட்டாள். "இந்த வயதில் ஊசியெல்லாம் உடம்பில் பிடிக்காது அக்கா, பணம்தான் தண்டம்" என்று சொல்லிவிட்டேன். அந்த மார்கழியிலேயே இடது விலாவைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பியது. மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்தது. வலி மட்டும் எட்டு மாதம் போகவில்லை. புடவைத் தலைப்பு பட்டாலே எரியும். "நீ என்னடா பண்ணுவாய்" என்றாளே தவிர, என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நான் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் அணுக்கள் இங்கே பயிற்சி பெற்று 'டி' செல்களாகின்றன. இந்தச் சுரப்பி சிறு வயதிலிருந்தே சுருங்க ஆரம்பித்து, நம் வயதில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. ரெக்ரூட்மென்ட் நின்றுபோன இலாகாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இருக்கிற பழைய ஸ்டாஃபுக்குப் பழைய ஃபைல் எல்லாம் அத்துப்படி. புது சப்ஜெக்ட் வந்தால்தான் திணறுவார்கள். நம் உடம்பும் அப்படித்தான். முன்பின் பார்த்திராத கிருமி என்றால் ஆன்டிபாடி குறைவாக உண்டாகிறது, உண்டானதும் சீக்கிரம் இறங்குகிறது.

பூஸ்டர் அவசியமாவது இதனால்தான். ஆபீசில் ரிமைண்டர் அனுப்புகிற மாதிரி. கோவிட் நம் எல்லோருக்கும் புது ஃபைல். 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டோம். சில மாதங்களில் ஆன்டிபாடி இறங்கியது. வைரஸும் உரு மாறியது. 2022 ஜனவரி 10 முதல், வேறு நோய்களும் உள்ள மூத்தவர்களுக்கு 'முன்னெச்சரிக்கை டோஸ்' கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இனி நான் செய்த தப்பு. உடம்பு மெதுவாக வேலை செய்கிறது என்றால் அதை விட்டுவிடுவதா, இன்னும் பலமாகத் தட்டி எழுப்புவதா? விஞ்ஞானிகள் இரண்டாவதைச் செய்தார்கள்.

ஒரு வழி, மருந்தின் அளவைக் கூட்டுவது. சாதாரண ஃப்ளூ ஊசியில் ஒவ்வொரு வைரஸ் ரகத்துக்கும் 15 மைக்ரோகிராம் சரக்கு. மூத்தவர்களுக்கென்று அதையே 60 மைக்ரோகிராம் ஆக்கினார்கள். 65 வயதைக் கடந்த சுமார் 32,000 பேரிடம் சோதித்து 2014-ல் முடிவு வெளியிட்டார்கள். சாதாரண ஊசி போட்டவர்களைவிட இவர்களிடையே ஃப்ளூ 24 சதவீதம் குறைவு.

இன்னொரு வழி, கூட ஒரு தூண்டுபொருளைச் சேர்ப்பது. இதற்கு அக்கி ஊசியே சாட்சி. சிறு வயதில் நமக்கு வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு வேர்களில் ஒளிந்துகொள்கிறது. காவல் தளரும் வயதில் அக்கியாக வெளியே வருகிறது. உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் செய்த பழைய ஊசி, 2005-ல் வந்த ஆய்வுப்படி, அறுபதுகளில் இருப்பவர்களுக்கு 64 சதவீதமும், எழுபதைத் தாண்டியவர்களுக்கு 38 சதவீதமும்தான் பலன் தந்தது. நான் எங்கோ படித்து மனதில் வைத்திருந்தது இந்த 38-ஐத்தான்!

புது ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதன் ஒரே ஒரு புரதமும், தென் அமெரிக்க சிலி நாட்டு மரப்பட்டைச் சாறு முதலியவற்றிலிருந்து செய்த தூண்டுபொருளும் உண்டு. 2016-ல் வெளியான ஆய்வில், எழுபதைத் தாண்டியவர்களுக்கும் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு! அதே வயோதிக உடம்புதான். ஆனால் ஃபைல் பழையது. தட்டி எழுப்பிய விதம்தான் புதிது.

இரண்டு டோஸ், இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில். விலை அதிகம்தான். ஓரிரு நாள் கைவலி, ஜுரம் வரலாம். யாருக்கு எது ஏற்றது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், என்னைக் கேட்காதீர்கள். கேட்டவர் கதியைச் சொல்லிவிட்டேன்.

"முழுப் பலன் இல்லையே, பின் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கம்யூட் செய்தபின் குறைந்து வருகிறது என்பதற்காக நாம் யாராவது பென்ஷனை வேண்டாம் என்று சொன்னோமா? வாலிபனுக்கு ஃப்ளூ என்றால் நாலு நாள் லீவு. நமக்கு அது நிமோனியாவாகி ஆஸ்பத்திரி வரை போகலாம். ஆபத்து அதிகமுள்ளவனுக்குப் பாதிப் பாதுகாப்பும் பெரிய லாபம்தான்.

அக்கா குணமானபின், டாக்டரைக் கேட்டு, இரண்டு டோஸும் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். இப்போது யாராவது ஃபோனில் உடம்பைப் பற்றிக் கேட்டால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று மட்டும்தான் கேட்கிறேன்.