எஞ்சினும் எரிபொருள் திருத்தமும்

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சினில் இவ்விகிதத்தைக் காப்பது ஒரு சிறு கணிப்பொறி. புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் உணர்கருவி உரைப்பதைக் கேட்டு, அது எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் திருத்துகிறது. உடனுக்குடன் செய்வது குறுங்காலத் திருத்தம். அதிலிருந்து கற்று நினைவில் வைப்பது நெடுங்காலத் திருத்தம்.

ஆனால், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது நிலைமை மாறுகிறது. ஆற்றல் பெருகவும் வெப்பம் தணியவும் 12.5 அளவிலான செறிந்த கலவை தேவைப்படுகிறது. சாதாரண உணர்கருவியோ கலவை 14.7க்கு மேலா கீழா என்றுதான் சொல்லவல்லது. எவ்வளவு என்று சொல்லாது. ஆகவே கணிப்பொறி அதன் சொல்லை ஒதுக்கி, தன் அட்டவணையை நம்பியே பீய்ச்சுகிறது. சில எஞ்சின்களில், முன்பு கற்ற நெடுங்காலத் திருத்தமும் அதனுடன் சேர்ந்துவிடும். குறைந்த பாரத்தில் காற்றுக்கசிவால் எழுந்த 10 சதவீதக் கூட்டல், முழுப்பாரத்திலும் வீணே ஏறும். மாறாக, எரிபொருள் பம்பு வலுவிழந்திருந்தால் கலவை மெலிந்து, தட்டொலி எழுந்து, பிஸ்டனே உருகக்கூடும். அப்போது கலவையைத் திருத்த எதுவுமில்லை.

எனவே முதலில் கசிவை நீக்குக; சாதாரண ஓட்டத்தின் திருத்தத்தைப் பூஜ்யத்திற்கு அருகே கொணர்க; பின்னர் விகிதத்தையே அளந்து காட்டும் அகல்வீச்சு உணர்கருவியால் முழுப்பாரக் கலவையைச் சோதித்திடுக. திருத்தம் பூஜ்யமாயிருப்பது சாதாரண ஓட்டத்திற்கே சான்று. முழுப்பாரத்திற்குச் சான்று அளவீடு ஒன்றே.