காப்பகத்தின் ஆறாவது ஆண்டு



சென்னை பாரிமுனையில் கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகு நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். பூக்கடை, வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை ஓரங்களில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரிக்கிறார்கள். அவர்களில் பலர் ரயிலை விட்டு இறங்கி வழி தெரியாமல் நிற்பவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே சாலையோரப் பிளாட்பாரத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே பேரப்பிள்ளை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மூட்டை தூக்குவதும் மீன்பாடி வண்டி மிதிப்பதும் பூக்கட்டுவதும் பாத்திரம் தேய்ப்பதும் அவர்கள் பிழைப்பு. கொத்தவால் சாவடிச் சந்தையும் பூக்கடையும் இத்தனை காலம் இயங்கியதில் அவர்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் வீடற்றவர்கள் என்று பதிவானவர்கள் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். சென்னையில் மட்டும் சுமார் 16 ஆயிரத்து 700 பேர். பிளாட்பாரத்தில் படுத்திருப்பவரை ஒரே இரவில் தேடிப்பிடித்து எண்ணிய கணக்கு இது. விடுபட்டவர்கள் எத்தனையோ. 2021-ல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. அதனால் நிதி ஒதுக்குகிறவர்கள் பழைய எண்ணிக்கையைத்தான் நெடுங்காலம் கையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

இவர்களுக்குத் தங்குமிடம் தருவது அரசின் கடமை என்று சொன்னது உச்ச நீதிமன்றம். 2009 டிசம்பரில், கடுங்குளிரில், தில்லி பூசா சாலை ரவுண்டானா அருகே இருந்த தற்காலிகத் தங்குமிடம் ஒன்று இடிக்கப்பட்டது. உணவு உரிமை வழக்கில் நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் இதை அதன் கவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் தொடர்ச்சியாக 2010-ல் பிறந்த உத்தரவுகளின் சாரம் இது: நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும். அது வருஷம் முழுவதும், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். தில்லியில் குளிர் கொல்கிறது என்றால், நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையும் அக்கினி நட்சத்திர வெயிலும் அதே வேலையைச் செய்கின்றன.

2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் காப்பகங்களுக்கு என்றே ஒரு பிரிவு வந்தது. ஒன்றிய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டன. கட்டடம் கட்டவும் பழைய கட்டடத்தைச் சீர்செய்யவும் பணம் இருந்தது. நடத்தும் செலவுக்கு, ஐம்பது பேர் தங்கும் காப்பகத்துக்கு ஆண்டுக்கு ஆறு லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கு.

இந்த ஆறு லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். மாதம் ஐம்பதாயிரம். ஐம்பது பேர் என்றால் ஒருவருக்கு மாதம் ஆயிரம், ஒரு நாளைக்கு முப்பத்துமூன்று ரூபாய். இதற்குள் மூன்று ஷிப்டுக்கும் பொறுப்பாளர் வேண்டும். மின்கட்டணம், தண்ணீர், பினாயில், பாய், போர்வை, கழிப்பறை அடைத்துக்கொண்டால் சரிசெய்யும் கூலி எல்லாம் இதற்குள்தான். மனநிலை பாதிக்கப்பட்டுத் தெருவில் கிடந்த ஒரு பெண்ணை அழைத்து வந்தால், அவருக்குத் தேவைப்படுவது பாய் மட்டுமில்லை. மருத்துவர் வேண்டும், மாத்திரையை வேளைக்குக் கொடுக்க ஆள் வேண்டும், ஆதார் அட்டைக்கும் ரேஷன் அட்டைக்கும் அலைய ஆள் வேண்டும், ஊரைக் கண்டுபிடித்து உறவினரிடம் பேச ஆள் வேண்டும். பெரும்பாலான காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. அரசுப் பணம் ஒரு தவணை தாமதமானால் முதலில் தடைப்படுவது அந்த ஆட்களின் சம்பளம்.

அந்த ஐந்து ஆண்டும் முடிந்த பிறகு? ஆறாவது ஆண்டின் செலவு யாருடையது? நான் இன்று பேச வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஆறாவது ஆண்டின் பொறுப்பாளர் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அந்தச் சுமை கடைசியில் வந்து நிற்பது மாநகராட்சியின் தலையிலோ நகராட்சியின் தலையிலோதான்.

வீடு கட்டிக் கொடுத்த இடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 1970-ல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021-ல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் கால்வாய்க் கரைகளிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் பல்லாயிரம் குடும்பங்கள் கண்ணகி நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அந்த இடம் அப்போது ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சி. ஒரு கிராம ஊராட்சியின் வருமானத்தை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் குப்பையையும் தெருவிளக்கையும் எப்படிப் பார்க்க முடியும்? 2011-ல்தான் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்குள் வேலைக்குப் போய்வரும் பேருந்துச் செலவு தாங்காமல் பல பெண்கள் வீட்டுவேலையை விட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியவர்களும் உண்டு. இவ்வளவும் பார்த்த பிறகு பெரும்பாக்கத்தில் அதைவிடப் பெரிய குடியிருப்பு எழுந்தபோது, அதுவும் ஓர் ஊராட்சியின் எல்லைக்குள்தான் எழுந்தது. இது தெரிந்தே செய்த தவறு என்றுதான் நான் சொல்வேன்.

சரி, உள்ளாட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் போகிறது. மத்திய நிதி ஆணைய மானியம் உண்டு. ஆனால் அதில் கணிசமான பகுதி குடிநீர், சுகாதாரம் போன்றவற்றுக்கு என்று கட்டிவைக்கப்பட்டது. சொந்த வருமானம் என்றால் முக்கியமாகச் சொத்து வரி. சென்னையின் பழைய பகுதியில் 1998-க்குப் பிறகு, 2022 வரை அந்த வரி நிலையாக உயர்த்தப்படவே இல்லை. கால் நூற்றாண்டில் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் டீசல் விலையும் எங்கே போயின என்று நமக்குத் தெரியும். வரி உயர்ந்தால் கசக்கத்தான் செய்கிறது. நானும் கட்டுகிறேன். ஆனால் அந்த ரூபாயில் ஒரு பங்கு காப்பகங்களுக்கு என்று பட்ஜெட்டில் தனித் தலைப்பில், ஆண்டுதோறும், திட்டக்காலம் முடிந்தாலும் நிற்காதபடி ஒதுக்கப்பட வேண்டும். மாநில அரசு அதற்கு ஈடாகத் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு காப்பகம், ஆணுக்கு ஒரு காப்பகம் என்று பிரித்தால் பாரிமுனைக் குடும்பம் எங்கே போகும்? கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து தங்கும் இடங்களும், வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே குறைந்த வாடகை வீடுகளும் அந்தப் பணத்தில் வர வேண்டும்.

நேயர்களே, உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போங்கள். சாலையையும் சாக்கடையையும் பற்றிக் கேட்பதோடு, நம் பகுதியில் காப்பகம் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை பேர் தங்குகிறார்கள், இந்த ஆண்டு அதற்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்றும் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்கள், தெருவோரம் ஆதரவில்லாமல் ஒருவர் கிடப்பதைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருங்கள்.