கேட்கிறவர்கள் கணக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்

(கடலூரில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரியின் சார்பில் அளிக்கப்பட்ட செய்தி)



  வழக்கமாக இந்த நாளில் ஆஸ்பத்திரியில் நடந்த நன்மைகளைச் சொல்லுவோம். இன்று எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற வருஷம் சிசு வார்டுக்கு ஒரு ஜெனரேட்டர் அவசரமாகத் தேவைப்பட்டது. சிதம்பரத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் தாயாரின் நினைவாக தர்ம டிரஸ்ட் ஒன்று நடத்துகிறார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் ஏழைகளின் வைத்தியத்துக்கு உதவுகிறவர்கள். அவர்களுக்கு நான்கு பக்கம் மனு எழுதினோம். மூன்று பக்கம் ஆஸ்பத்திரியின் சரித்திரம். முடிவில், ஆஸ்பத்திரியின் வளர்ச்சிக்குத் தங்களால் இயன்றதைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தோம். ஜெனரேட்டர் என்ற வார்த்தையே அதில் இல்லை.

மனு திரும்பி வந்தது. கூடவே ஒரு தாளில் நான்கு கேள்விகள். எந்தப் பொருள் வேண்டும்? போன வருஷம் எத்தனை ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்தீர்கள்? நாங்கள் வாங்கிக் கொடுத்த பிறகு அதை ஓட்டும் செலவு யாருடையது? இதற்கு முன் மற்றவர்கள் கொடுத்த பொருள்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன?

எங்களில் சிலருக்கு வருத்தம். ஊழியம் செய்கிற நம்மிடம் இப்படிக் கேட்கலாமா என்றார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, அப்படிக் கேட்பது அவர்கள் கடமை என்று விளங்கியது. டிரஸ்டிகள் கையிலிருப்பது அவர்கள் சொந்தப் பணம் அல்ல. ஒருவர் நினைவாக, ஒரு நோக்கத்துக்கென்று, பத்திரத்தில் எழுதி வைத்த பணம். வேறு காரியத்துக்குக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

சிதம்பரத்தார் எல்லாரும் பச்சையப்பன் பள்ளிக்கூடத்தை அறிவீர்கள். பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைத் தர்மங்களுக்கென்று உயில் எழுதிவிட்டு 1794-ல் காலமானார். அந்த உயில் வழக்கில் சிக்கி, கோர்ட்டு தலையிட்டு ஒழுங்குசெய்த பின்புதான் 1842-ல் சென்னையில் அவர் பெயரால் கல்விச்சாலை திறக்கப்பட்டது. நடுவே 48 வருஷங்கள்! நல்ல மனதோடு கொடுத்த பணமும், காக்கிறவர்கள் கவனமாயிராவிட்டால் ஏழைக்குப் போய்ச் சேராது.

ஆகவே அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட உட்கார்ந்தோம். அப்போதுதான் வெட்கப்பட்டோம். இலவச நோயாளிகள் எத்தனை பேர்? "அநேகர்" என்று வருஷாவருஷம் உங்களுக்கும் எழுதியிருக்கிறோம். தனிப் பேரேடு கிடையாது. பில்லில் தள்ளுபடி போட்டதோடு சரி. ஒரு நர்ஸும் ஒரு குமாஸ்தாவும் இரவில் உட்கார்ந்து பன்னிரண்டு மாத பில்களையும் எடுத்து எண்ணினார்கள். நாங்கள் பேசிவந்த தொகையைவிட அது குறைவு. அந்தக் குறைந்த தொகையையே மனுவில் எழுதினோம்.

நான்காம் கேள்வி இன்னும் கடினம். 2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் தானே புயல் நம் கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பலா, முந்திரித் தோப்புகள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்களிடம் ஒரு விசுவாசி கொடுத்த பழைய ஜெனரேட்டர் இருந்தது. இரண்டாம் நாளே நின்றுபோயிற்று. அதைச் சர்வீஸ் செய்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. கொடுத்தவரின் பெயர்ப் பலகையை மட்டும் பண்டிகைதோறும் துடைத்து வைத்திருந்தோம். எடை குறைந்து பிறந்த ஒரு குழந்தையைத் தாயும் பாட்டியும் மாறிமாறி மார்போடு அணைத்து, உடல் சூட்டிலேயே காப்பாற்றினார்கள். கர்த்தர் இரக்கம் செய்தார். ஆனால் குற்றம் புயலுடையது மட்டுமல்ல. இதையும் மறைக்காமல் எழுதினோம்.

இரண்டாம் மனு இரண்டே பக்கம். இன்ன சக்தியுள்ள ஜெனரேட்டர், மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளி, எந்தெந்தக் கருவிகளுக்கு மின்சாரம், வருஷத்துக்கு டீசலும் சர்வீஸும் எவ்வளவு, பொறுப்பாளர் யார் என்று எழுதி, தணிக்கை செய்த கணக்கையும் பதிவுச் சான்றுகளையும் இணைத்தோம். டிரஸ்டிகளில் மூத்தவர் ஒருநாள் முன்னறிவிப்பின்றி வந்தார். வார்டைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், பழைய ஜெனரேட்டரையும் பார்த்தார். "உள்ளதை எழுதியிருக்கிறீர்கள்" என்று மட்டும் சொல்லிப் போனார். மறுமாதம் விலையில் நான்கில் மூன்று பங்குக்குச் செக் வந்தது. மீதியை உங்கள் சபைகளிலிருந்து திரட்டும்படியும், ஓட்டும் செலவுக்குத் தாங்கள் தரமுடியாதென்றும் எழுதியிருந்தார்கள்.

நினைவு நன்கொடைகளால் ஊழியங்கள் எழும்பியது புதிதல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் உதவி தேடியபோது, ஷெல் என்னும் வங்கியாளர் மரித்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதனால் 1902-ல் வேலூரில் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. கணக்குக் கொடுப்பதும் புதிதல்ல. பக்கத்துத் தரங்கம்பாடியில் நடந்த ஊழியத்தைப் பற்றி 1710 முதலே ஜெர்மனியின் ஹாலே நகரில் அறிக்கைகள் அச்சாகி ஆதரவாளர்களுக்குப் போயின. எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. ஒருவரும் குற்றம் சொல்லாதபடி சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள்.

ஒருகாலத்தில் நம் பகுதியின் மிஷன் வைத்திய ஊழியம் டென்மார்க் முதலிய தேசத்துச் சபைகளின் காணிக்கையால் நடந்தது. வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டம் 2010-லும் 2020-லும் இறுக்கப்பட்டது. இனி நம் ஊர் மக்களே, எந்த மதத்தாரானாலும், நம்மைத் தாங்கவேண்டும். அப்படியானால் நம் ஊர் மக்கள் நம்மை நம்பவேண்டும்.

பிரியமானவர்களே, டிரஸ்ட் இயந்திரத்தைக் கொடுக்கும். டீசலைக் கொடுப்பது உங்கள் மாதக் காணிக்கை. மீதி நாலில் ஒரு பங்கை மாதர் சங்கங்களும் வாலிபர் சங்கமும் சேர்த்துக் கொடுத்தீர்கள். ஜெனரேட்டர் இப்போது ஓடுகிறது. சர்வீஸ் தேதி அதன் பக்கத்துச் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரும் அதைப் பார்க்கலாம். இலவச வார்டின் பேரேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நீங்கள் காணிக்கை அனுப்பும்போது எந்தக் காரியத்துக்கென்று எழுதுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அது எங்களைச் சந்தேகிப்பதல்ல, எங்களைக் காப்பது.

அந்தத் தாயாரின் குடும்பத்துக்காகவும், சிசு வார்டிலுள்ள குழந்தைகளுக்காகவும், கொஞ்சத்திலும் உண்மையாயிருக்க எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.