பிள்ளைப்பேறும் மனநலமும்: நோய் வருமுன் பேசித் தீர்ப்போம்

 

கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியர் பெயரைப் பதிவு செய்கிறார். எடை பார்க்கிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார். இரணஜன்னி வராமலிருக்க ஊசி, சோகை வராமலிருக்க இரும்புச்சத்து மாத்திரை. இதெல்லாம் நோய் வந்த பிறகா கொடுக்கிறோம்? இல்லை, வராமலே தடுப்பதற்குத்தான். வெள்ளம் வருமுன் அணை போடணும்னு நம்ம பெரியவங்க சொன்னதும் இதைத்தான்.

உடம்புக்கு இத்தனை பார்க்கிற நாம், "உன் மனசு எப்படி இருக்கு?" என்று அந்தப் பெண்ணை ஒரு தடவையாவது கேட்கிறோமா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பிரசவமான மூணாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். பல தாய்மார்களுக்கு இது உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் சோகம் தீரவில்லை, எதிலும் நாட்டமில்லை, பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று புலம்புகிறாள் என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற தாய்மார்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு மனநலக் குறை வருகிறது, அதில் பெரும்பகுதி மனச்சோர்வுதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நாம் அதற்கு என்ன பெயர் வைக்கிறோம்? "சோம்பேறி", "திமிர் பிடிச்சவ", "காத்து கருப்பு அடிச்சிருக்கு". அந்தப் பெண்ணோ, சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறாள். தாய் சோர்ந்தால் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும், தடுப்பூசிக்குத் தூக்கிவருவதும் தடைப்படுகின்றன. ஒருத்தி மனசோடு போகிற கஷ்டமல்ல இது. குடும்பத்துக்கே வருகிற கஷ்டம்.

இதற்கு விதை பல சமயம் கர்ப்ப காலத்திலேயே விழுந்துவிடுகிறது. "போன தடவை கலைஞ்சுபோச்சே, இந்தத் தடவை தங்குமா?", "இதுவும் பொண்ணாப் பிறந்தா என்ன சொல்வாங்களோ?", "அவர் வெளியூர் வேலைக்குப் போயிட்டா நான் யாரோட பேசுவேன்?" இப்படி ராத்திரியெல்லாம் ஓடுகிற கவலைதான் அந்த விதை. களை இரண்டு இலை விடும்போதே பறித்தால் கையால் பறித்துவிடலாம். கதிர் வரும்வரை விட்டால்?

பேசினால் இது தடுக்கப்படுமா என்று கேட்பீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் சோதித்துப் பார்த்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். மனக்கலக்கம் இருந்த கர்ப்பிணிப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு 6 தடவை உட்கார வைத்துப் பேசி ஆலோசனை தந்தார்கள். பேசியவர்கள் பெரிய மனநல டாக்டர்கள் அல்ல. இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். பிரசவமாகி 6 வாரம் கழித்துப் பார்த்தபோது, இந்த ஆலோசனை பெறாதவர்களில் 100-க்கு 41 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெற்றவர்களில் 100-க்கு 12 பேருக்குத்தான் இருந்தது.

ஆலோசனை என்றால் என்ன நடக்கும்? ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஆலோசகர் முதலில் காது கொடுத்துக் கேட்பார். "பொறுத்துப் போம்மா" என்று உபதேசம் பண்ணமாட்டார். பிறகு, மனசில் மூட்டையாக இருக்கிற கவலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார். உதாரணமாக, "பிரசவத்துக்குப் பணத்துக்கு எங்கே போவேன்" என்பது ஒரு கவலை. இதில் நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது? அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கலாம், 108 வண்டியை அழைக்கலாம், மகப்பேறு நிதியுதவிக்குச் செவிலியரிடம் கேட்கலாம். பாரம் பாதியாகக் குறைந்துவிடும். அப்புறம் ஒரு சின்ன வேலை கொடுப்பார்: தினம் சாயங்காலம் கொஞ்ச நேரம் நடக்கணும், பிடித்த ஒருத்தரோடு பேசணும். அடுத்த தடவை போகும்போது அது எப்படி நடந்தது என்று கேட்பார். இவ்வளவுதான். சிலருக்கு இதோடு மருந்தும் தேவைப்படலாம். அதை டாக்டர் முடிவு செய்வார்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. சகோதரர்களே, "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்காதீர்கள். தினம் ராத்திரி சாப்பிட்டதும் கால்மணி நேரம் மனைவியோடு உட்காருங்கள். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். ராத்திரி பிள்ளை அழுதால் ஒரு தடவை நீங்கள் எழுந்து தூக்குங்கள். மாமியார்மார்களும் இதற்குத் துணை நிற்கணும். தகப்பனானவருக்கும் மனச்சோர்வு வருவதுண்டு. ஆண்பிள்ளை அதை அழுகையாகக் காட்டாமல் கோபமாகவும் குடியாகவும் காட்டலாம். உங்களுக்கு அப்படி இருந்தால் நீங்களும் போய்ப் பேசுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எங்கே போவது? முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1996-97-இல் நாட்டில் முதலில் 4 மாவட்டங்களில் தொடங்கியபோது, நம் திருச்சிராப்பள்ளியும் அதில் ஒன்று. அந்தத் திட்டத்தின் டாக்டரையும் ஆலோசகரையும் எங்கே, எந்த நாளில் பார்க்கலாம் என்று செவிலியரிடமே விசாரியுங்கள். போய்வர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை இது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

"ஊருக்குத் தெரிஞ்சுபோகுமே" என்ற பயம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சைக்கு வந்தவர் விவரத்தை இரகசியமாக வைக்க வேண்டியது அவர்கள் கடமை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்று ஒருவர் சொன்னாலும், பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்தாலும், பிரசவமானவள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலும், நாள் பார்க்கக் கூடாது. தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், 108-ஐ அழையுங்கள்.

அடுத்த தடவை கர்ப்பிணிப் பரிசோதனைக்கு வரும்போது கணவனும் கூட வாருங்கள். எடை பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து முடிந்ததும், "மனசு பத்தியும் கொஞ்சம் பேசணும்" என்று செவிலியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.