போதகரைச் சோதித்துப் பார்க்கலாமா?



இந்த மாதப் பேச்சுக்கு எடுத்துக்கொண்ட விடயம் கொஞ்சம் சங்கடமானது. தேவ ஊழியர் ஒருவர் போதிப்பது சரிதானா என்று சாதாரண விசுவாசி ஒருவர் சோதித்துப் பார்க்கலாமா? அப்படிச் செய்வது பாவமா? இதை நேரிலும் ரெலிபோனிலும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் இறையியல் படித்தவன் அல்ல. வணிகம் படித்துக் கணக்காளராக வேலை செய்கிறவன். ஆனாலும் சோதித்துப் பார்ப்பது என்பது என் தொழிலோடு ஒட்டிய காரியம். கணக்காய்வு செய்வதால் பொருளாளரைக் கள்ளன் என்று சொல்வதாக ஆகாது. அவர் நேர்மையானவராக இருந்தால் அந்தக் கணக்காய்வே அவருக்குப் பாதுகாப்பு. சைவசமய நேயர்களும் தயவுசெய்து தொடர்ந்து கேளுங்கள். கோயில் நிர்வாகத்துக்கும் சுவாமிமாருக்கும் பொருந்துகிற விடயங்களும் இதில் இருக்கின்றன.

முதலில் வேதாகமம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுல் பெரோயா பட்டணத்துக்கு வருகிறார். அங்குள்ளவர்கள் அவர் சொன்னதை ஆவலோடு கேட்டார்கள். கேட்டதோடு விடாமல், அது அப்படித்தானா என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். இதற்காக அவர்களை யாரும் கண்டிக்கவில்லை, நற்குணசாலிகள் என்று பாராட்டுத்தான் கிடைத்தது. சோதிக்கப்பட்டவர் பவுல் என்பதை மறந்துவிடக் கூடாது. யோவான் தம் முதலாம் நிருபத்திலும், பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதிலும் இதையே கட்டளையாகத் தருகிறார்கள்.

"அபிஷேகம் பெற்றவர்மேல் கை வைக்காதே என்று தாவீதே சொன்னாரே" என்று சிலர் பதில் சொல்வார்கள். உண்மைதான். தாவீது சவுலைக் கொல்லவில்லை. ஆனால் சவுலின் அநியாயத்தை எல்லோரும் கேட்க அவருக்கே எடுத்துச் சொன்னார். பின்பு தாவீது பிழை விட்டபோது நாத்தான் அவரிடம் நேரே போனார். அந்தியோகியாவில் பேதுருவை பவுல் முகத்துக்கு முகம் எதிர்த்தார். ஆகவே கை ஓங்காதே என்பதற்கும் வாய் திறவாதே என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இனி, நாம் வாழுகின்ற இந்த நாட்டிலேயே நடந்த ஒரு காரியத்துக்கு வருகிறேன். வூப்பெற்றாலுக்குப் போனவர்கள் அந்தத் தொங்கு ரயிலைப் பார்த்திருப்பீர்கள். அதே நகரத்தின் பார்மன் பகுதியில், கெமார்க்கர் தேவாலயத்துக்குக் கிட்ட, கடைத்தெருவில் ஒரு வெண்கலச் சிலைத்தொகுதி இருக்கிறது. பெருங்கூட்டம் ஒன்று கையை உயர்த்தி ஹிட்லருக்கு வணக்கம் செலுத்துகிறது. சிறு கூட்டம் ஒன்று மறுபக்கம் திரும்பி வேதப்புத்தகத்தைச் சுற்றி நிற்கிறது. பொருட்கள் வாங்கப் போகிற நம்மவர்கள் பலர் அதைக் கவனியாமல் கடந்து போயிருக்கக் கூடும்.

1933 ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அப்போது புரட்டஸ்தாந்து சபைகளுக்குள் "ஜேர்மன் கிறிஸ்தவர்கள்" என்ற இயக்கம் வளர்ந்திருந்தது. அதில் இருந்தவர்கள் வெளியார் அல்லர். போதகர்களும் சபை மூப்பர்களும் பேராசிரியர்களுமே இருந்தார்கள். நாஜிக் கொள்கையையும் சுவிசேஷத்தையும் அவர்கள் ஒன்றாகக் குழைத்தார்கள். 1933 ஜூலை 23ஆம் திகதி சபைத் தேர்தல் நடந்தது. அதற்கு முதல்நாள் இரவு ஹிட்லரே வானொலியில் பேசி அவர்களுக்கு ஆதரவு கேட்டார். வானொலியில் பேசுகிறவர்கள் எல்லோரும் நினைவில் வைக்கவேண்டிய விடயம் இது. மூன்றில் இரண்டு பங்கு அளவில் வாக்குகள் அவர்களுக்கே விழுந்தன. செப்டெம்பரில் லுட்விக் முல்லர் என்பவர் நாடு முழுவதற்குமான பேராயர் ஆனார். யூத வம்சத்தில் வந்த போதகர்களைப் பதவியிலிருந்து நீக்கும் சட்டத்தைப் பிரஷ்ய சபை நிறைவேற்றியது. நவம்பர் 13ஆம் திகதி பேர்லின் விளையாட்டு மண்டபத்தில் 20000 பேர் கூடிய கூட்டத்தில், ரைன்ஹோல்ட் கிரவுசே என்ற தலைவர் பழைய ஏற்பாட்டையே விட்டுவிடவேண்டும் என்று பேசினார். அப்போதுதான் பலருக்குக் கண் திறந்தது.

படித்த மக்கள், லூதரின் வேதாகமத்தை வீட்டில் வைத்திருந்த மக்கள் எப்படி ஏமாந்தார்கள்? யுத்தத்தில் தோற்ற அவமானம் இருந்தது, வேலையில்லாத் திண்டாட்டம் இருந்தது. அந்தக் காயத்துக்கு மருந்து தருகிறோம் என்றுதான் கள்ளப் போதகம் வந்தது. எங்கே வலிக்கிறதோ அந்த வழியாகத்தான் அது உள்ளே வரும்.

எதிர்த்தவர்களும் பிறவி வீரர்கள் அல்லர். மார்ட்டின் நீமோலர் முதலாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதியாக இருந்தவர். முன்பு நாஜிக் கட்சிக்கு வாக்களித்தவர். அவர்தான் 1933 செப்டெம்பரில் போதகர்களின் அவசரகாலச் சங்கத்தைத் தொடங்கினார். சில மாதங்களில் 7000 போதகர்கள் அளவில் அதில் சேர்ந்தார்கள். 1934 மே 29 முதல் 31 வரை பார்மனில் 139 பிரதிநிதிகள் கூடினார்கள். லூதரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளைச் சேர்ந்த அவர்களில் பெண் ஒருவர் மட்டுமே, ஸ்டெபனி ஃபொன் மக்கன்சன். அவர்கள் ஏற்றுக்கொண்ட அறிக்கையின் பெரும்பகுதியை எழுதியவர் கார்ல் பார்த். பிராங்பேர்ட் ஹோட்டல் ஒன்றில் லூதரன்காரர் மத்தியான நித்திரை கொள்ள, தான் கடும் கோப்பியும் பிரேசில் சுருட்டுமாக இருந்து எழுதியதாக அவர் பின்பு வேடிக்கையாகச் சொன்னார்.

அந்த அறிக்கையில் ஆறு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் முதலில் வேதவசனம், பிறகு நாங்கள் நம்புவது இது, அதன் பிறகு நாங்கள் தள்ளிவிடும் கள்ளப் போதகம் இது என்று எழுதினார்கள். கணக்கில் வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதுவது போன்ற ஒழுங்கு அது. ஆட்களைப் பெயர் சொல்லி ஏசவில்லை, போதனையைத்தான் எடுத்து நிறுத்தார்கள். நாலாவது பகுதி இன்று நமக்கு மிக அவசியமானது. சபையில் உள்ள பொறுப்புகள் ஒருவர் மற்றவரை ஆளுவதற்காக அல்ல என்றும், ஆளுகை அதிகாரம் கொண்ட தனித் தலைவர்களைச் சபை ஏற்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. அறிக்கையின் முன்னுரை இன்னொன்றையும் சொல்கிறது. எங்கள் வார்த்தைகளையும் சோதியுங்கள், வேதத்துக்கு விரோதமாக நாங்கள் பேசினால் எங்களுக்குச் செவிகொடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. உண்மையான போதகரை அறிய இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல. பார்த் 1935இல் போன் பல்கலைக்கழக வேலையை இழந்து சுவிஸ் நாட்டுக்குப் போனார். நீமோலர் 1937 ஜூலை முதலாம் திகதி கைதாகி 1945 வரை சிறையிலும் தடுப்பு முகாம்களிலும் இருந்தார். ஹுன்ஸ்றுக் பகுதியின் கிராமப் போதகர் பவுல் ஷ்னைடர் 1939 ஜூலை 18இல் புகன்வால்ட் முகாமில் இறந்தார்.

நேயர்களே, அகதியாக வந்த நமக்கு எரேமியா 28, 29ஆம் அதிகாரங்கள் நன்றாகப் பொருந்தும். யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட காலம். இரண்டு வருடத்தில் எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா தேவாலயத்தில் நின்று சொன்னான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பு! எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற நகரத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள், எழுபது வருடம் ஆகும் என்று கடிதம் எழுதினார். இருவரும் கர்த்தரின் பெயரால்தான் பேசினார்கள். ஆசைக்குப் பேசியவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று காலம் காட்டியது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு வழக்கறிஞரிடம் கொடுக்க 2000 யூரோ சேர்த்து வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், வழக்கறிஞரை நம்புவது அவிசுவாசம், அந்தக் காசை விதையாக விதையுங்கள், விசா வரும் என்றார். விதைத்தார்கள். மேன்முறையீட்டுத் தவணை கடந்து போயிற்று. பிறகு அவரைத் தொடர்புகொண்டபோது கிடைத்த பதில், "உங்கள் விசுவாசம் காணாது" என்பதுதான். அந்தத் தாய் விசாவையும் இழந்து, கடவுள் தன்னைக் கைவிட்டார் என்ற எண்ணத்தோடும் பல காலம் இருந்தார். கள்ளப் போதகத்தின் மிகப் பெரிய நட்டம் இந்த இரண்டாவதுதான்.

அப்படியானால் எவற்றைப் பார்க்கவேண்டும்? என் அறிவுக்கு எட்டிய நாலைச் சொல்கிறேன்.

முதலாவது, போதனை. ஒரு வசனத்தை எடுத்தால் முன்னும் பின்னும் உள்ள அதிகாரத்தை வீட்டில் திறந்து வாசியுங்கள். நம்மிடம் தமிழில் வேதாகமம் இருக்கிறது. இந்த நாட்டிலிருந்து 1706இல் தரங்கம்பாடிக்குப் போன சீகன்பால்க் தமிழ் படித்து மொழிபெயர்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். தமிழர் தாங்களே வாசித்து அறியட்டும் என்பதற்காகத்தானே அவ்வளவு பாடு! அற்புதம் நடக்கிறதே என்று மட்டும் பார்க்கவேண்டாம். அடையாளம் பலித்தாலும் வேறு வழிக்கு இழுப்பவனை நம்பாதே என்று உபாகமம் 13ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

இரண்டாவது, அதிகாரம். கேள்வி கேட்டவரை அவர் எப்படி நடத்துகிறார்? சாபம் வரும் என்று பயமுறுத்துகிறாரா? குடும்பத்தாரோடு கதைக்கக் கூடாது, மருந்து எடுக்கக் கூடாது என்கிறாரா?

மூன்றாவது, காசு. ஆதிச் சபையின் "டிடாக்கே" என்ற சிறு நூல், ஊருக்கு வரும் ஊழியர் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம் என்கிறது. மூன்றாம் நாளும் தங்கினால், அல்லது புறப்படும்போது காசு கேட்டால், அவர் கள்ளர் என்று நேராகவே சொல்லிவிடுகிறது. நம் காலத்துக்கு வருவோம். உங்கள் சபை பதிவு செய்யப்பட்ட ஃபெரைன் என்றால் அதற்கு ஒரு யாப்பு உண்டு, அங்கத்தவர் கூட்டம் உண்டு. யாப்பு வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் பத்தில் ஒரு பங்கு அங்கத்தவர் எழுத்தில் காரணம் காட்டிக் கேட்டால் கூட்டம் கூட்டவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். கணக்குப் பார்க்கிறவர் பாஸ்டரின் மைத்துனராக இருக்கக் கூடாது. காணிக்கைப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து வைக்கவேண்டும். பற்றுச்சீட்டு கேட்பது அவிசுவாசம் அல்ல.

நாலாவது, கனி. கனியினால் அறிவீர்கள் என்றார் இயேசு. அது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரியாது. அவர் ஏழையோடும் மனைவி பிள்ளைகளோடும் எப்படி நடக்கிறார் என்பதை வருடக் கணக்கில் பார்க்கவேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சோதிப்பது வேறு, வம்பு பேசுவது வேறு. மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கவேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். வவுச்சர் இல்லாத பதிவை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். வட்ஸ்அப்பில் வருகிற குரல்பதிவு சாட்சி ஆகாது. முதலில் தனியே போய்க் கேளுங்கள். பிரசங்கத்தில் திகதி பிழைத்தால் அது கள்ளப் போதகம் அல்ல, மனிதர் விடுகிற பிழை.

கடைசியாக, பார்மனில் எழுதப்படாமல் விடப்பட்டதையும் சொல்லவேண்டும். அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சபையைக் காப்பாற்ற எழுந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்காக அங்கே வாய் திறக்கவில்லை. அது தன் குற்றம் என்று பார்த் 1967இல் எழுதினார். 2002இல் கெமார்க்கர் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே, அந்தச் சபை கொடுத்த நிலத்தில், புதிய யூத செபக்கூடம் திறக்கப்பட்டது. பிந்தி வந்தாலும் அது ஒரு பதில்.

நாம் இன்று ஒரு பார்மன் அறிக்கை எழுதினால் எதை எழுதாமல் விடுவோம்? 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை முற்றாக ஒழியவேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பல கிறிஸ்தவர்கள் சபையை விட்டார்களே தவிர, சாதியை விடவில்லை. இங்கே நாம் ஒரே வாங்கில் இருந்து ஒரே அப்பத்தில் பங்கெடுக்கிறோம். பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது மட்டும் ஊரும் பகுதியும் விசாரிக்கிறோம், சீதனம் கதைக்கிறோம். இதை எந்தப் போதகரும் நமக்குப் போதிக்கவேண்டியதில்லை, நாமே கொண்டுவந்தோம். இங்கே பிறந்த பிள்ளைகள் பாடசாலையில் நாஜிக் காலச் சரித்திரம் படிக்கிறார்கள். சபை அப்போது என்ன செய்தது என்று அங்கே கேட்கிற பிள்ளை, வீட்டுக்கு வந்து நம்மிடமும் கேட்கும். அதைச் சத்தம் போட்டு அடக்காதீர்கள். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருத்திக் கதையுங்கள்.

நான் சொன்னவற்றையும் சோதித்துப் பாருங்கள், நலமானதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம். வணக்கம்.